அமேசான் ஆர்டிஎஸ் பேக்கப்: எடுப்பது, வைத்திருப்பது, திரும்பக் கொண்டுவருவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சொந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை, அமேசானே நிர்வகிக்கும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸுக்கு மாற்றியவர்கள் முதலில் விடும் பெருமூச்சு, "அப்பாடா, இனி பேக்கப் தொல்லை இல்லை" என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் இவை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் என்ஜினை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற என்ஜின்களில் மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பேக்கப்பை அமேசானே எடுத்துக்கொள்கிறதாமே. அப்படி என்னதான் எடுக்கிறது?

இரண்டு விஷயம். ஒன்று, டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க் முழுவதற்கும் நாளுக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல். இன்னொன்று, நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு. போஸ்ட்கிரெஸில் இதை டபிள்யூஏஎல் என்பார்கள், மைஎஸ்கியூஎல்லில் பின்லாக். இந்தப் பதிவுகள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அமேசானின் கோப்புச் சேமிப்பகமான எஸ்3-க்குப் போய்ச் சேர்கின்றன.

பழைய மளிகைக் கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு வரையிலான இருப்பு பேரேட்டில் இருக்கிறது. இன்று காலையிலிருந்து நடந்த ஒவ்வொரு வரவும் செலவும் நாள்வழியில் வரிசையாக இருக்கிறது. இரண்டும் கையில் இருந்தால், மதியம் 2:15-க்குக் கல்லாவில் எவ்வளவு இருந்தது என்று கணக்குப்பிள்ளை கூட்டிச் சொல்லிவிடுவார். ஆர்டிஎஸ் செய்வதும் அதுதான். நீங்கள் கேட்கும் நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை எடுத்து, அதன்மேல் பதிவுகளை வரிசையாக ஓட்டி, சொன்ன நொடியில் நிறுத்துகிறது. அதனால் ரிடென்ஷன் (பேக்கப்பை வைத்திருக்கும்) காலத்துக்குள் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் போகலாம். கடைசி 5 நிமிடம் மட்டும் பொதுவாகக் கைக்கு வந்திருக்காது.

முதல் ஸ்னாப்ஷாட் முழுசு. அடுத்தடுத்தவை மாறிய பகுதிகளை மட்டும் சேமிக்கும். ஆனாலும் எந்த ஒன்றிலிருந்தும் முழு டேட்டாபேஸையும் மீட்கலாம், நடுவில் ஒன்றை அழித்தால் மற்றவை கெட்டுப்போகாது. இவை அமேசானின் பொறுப்பில் உள்ள எஸ்3-யில் இருப்பதால் உங்கள் பக்கெட் (எஸ்3-யில் கோப்புகளை வைக்கும் பெட்டி) பட்டியலில் தெரியாது. "பேக்கப்பையே காணோம்" என்று பதறி ஃபோன் செய்தவர்கள் உண்டு.

பேக்கப் ஓடும்போது ஆப் தடுமாறுமா?

ஒரே ஏஇசட்டில் (அமேசானின் தனித்தனி டேட்டா சென்டர் பிரிவுகளில் ஒன்று) ஓடும் டேட்டாபேஸ் என்றால், ஸ்னாப்ஷாட் தொடங்கும்போது சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை டிஸ்க் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மல்டி-ஏஇசட் என்றால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, ஆரக்கிள் ஆகியவற்றில் வேறு ஏஇசட்டில் தயாராக நிற்கும் நகலான ஸ்டாண்ட்பையிலிருந்து எடுக்கும், பிரதானத்துக்குத் தொந்தரவு இல்லை. எஸ்கியூஎல் சர்வருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

பேக்கப் விண்டோவை நீங்கள் குறிக்காவிட்டால் ஏதோ ஒரு அரை மணி நேரத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். இரவு 2 மணி என்று நினைத்து 02:00 போட்டால் அது நமக்குக் காலை 7:30.

ரிடென்ஷன் எத்தனை நாள் வைக்கலாம்?

0 முதல் 35 வரை. 0 என்றால் தானியங்கி பேக்கப்பே கிடையாது. அமேசானின் சொந்த என்ஜினான அரோராவில் குறைந்தபட்சம் 1, அணைக்க முடியாது.

கவனிக்க வேண்டியது, நீங்கள் ஒன்றும் சொல்லாதபோது என்ன கிடைக்கும் என்பதை. கன்சோலில் கிளிக் செய்து உருவாக்கினால் 7 நாள். கமாண்ட் லைனிலோ ஏபிஐ வழியாகவோ உருவாக்கினால் 1 நாள். சர்வர் அமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் கருவியில் அந்த வரியை எழுத மறந்தால் 0. "நாங்கள் எல்லாவற்றையும் நிரலாக வைத்திருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் குழுவிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு வரியைத்தான்.

ஓடிக்கொண்டிருப்பதை 0-க்கு மாற்றினால் இதுவரை இருந்த தானியங்கி பேக்கப்புகள் எல்லாம் உடனே போய்விடும். "கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடலாம்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 0-விலிருந்து திரும்ப 1-க்கோ அதற்கு மேலோ மாற்றும்போதும் டேட்டாபேஸ் சற்று நேரம் நின்றுதான் வரும்.

சரி, எனக்கு எத்தனை நாள் சரியாக இருக்கும்?

பெரும்பாலானவர்கள் டேட்டாவின் அளவையோ பில்லையோ பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் கேட்பது வேறு: உங்கள் இடத்தில் ஒரு தவறு நடந்தால், அது எத்தனை நாள் கழித்துத் தெரியவரும்?

டேபிள் ஒன்று காணாமல் போனால் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும், வாடிக்கையாளர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள். அதற்கு 1 நாள் போதும். ஆனால் 3-ஆம் தேதி போட்ட புது ரிலீஸ், சில பில்களில் மட்டும் ஜிஎஸ்டி தொகையை 0 ஆக மாற்றி எழுதுகிறது என்று வையுங்கள். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாதம் முடிந்து, அடுத்த மாதம் 8-ஆம் தேதி வாக்கில் கணக்காளர் ரிட்டர்னுக்காக உட்காரும்போதுதான் "என்ன இது?" என்பார். அன்றைக்கு 7 நாள் ரிடென்ஷன் இருந்தால், கையில் இருக்கும் அத்தனை பேக்கப்பும் கெட்டுப்போன டேட்டாவின் பேக்கப்தான். 35 நாள் வைத்திருந்தாலும் 3-ஆம் தேதியை நூலிழையில் தவறவிட்டிருப்பீர்கள்.

அதனால் கணக்கு, பில், இருப்பு தொடர்பான டேட்டாபேஸ் என்றால் நான் தயங்காமல் 35 போடச் சொல்வேன். அதற்கும் மேலே, ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு தனி ஸ்னாப்ஷாட். டெஸ்ட் டேட்டாபேஸுக்கு 1 போதும், அதற்கு 35 வைத்துப் பணம் கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

35 நாளுக்கு மேல் வேண்டும் என்றால்?

மேனுவல் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். நீங்களாக அழிக்கும் வரை அது இருக்கும். ஒரு ரீஜனுக்கு (மும்பை போன்ற ஒரு அமேசான் வட்டாரம்) 100 என்பது ஆரம்ப வரம்பு, கேட்டால் கூட்டித் தருவார்கள். கையால் எடுப்பதை நம்ப வேண்டாம், மூன்றாவது மாதம் மறந்துவிடும். ஏடபிள்யூஎஸ் பேக்கப் என்ற தனிச் சேவையில் "மாதம் ஒன்று, 8 வருடம் வை" என்று எழுதிவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நொடிக்கணக்கில் பின்னே போகும் வசதிக்கு அங்கேயும் 35 நாள்தான் உச்சம். பழைய மாதங்களுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்த அந்த நேரம் மட்டும்தான் கிடைக்கும்.

பல வருடம் வைக்க வேண்டியதற்கு இதோடு போஸ்ட்கிரெஸின் ஏற்றுமதிக் கருவியான பிஜி_டம்ப் தரும் கோப்பையும் எடுத்து வைப்பது என் வழக்கம். ஸ்னாப்ஷாட்டை ஆர்டிஎஸ் மட்டும்தான் திறக்கும். டம்ப்பை எந்த போஸ்ட்கிரெஸிலும், உங்கள் லேப்டாப்பில்கூடத் திறக்கலாம். ஸ்னாப்ஷாட்டை எஸ்3-க்கு பார்க்கே என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. அது ஆய்வுக்கு நல்லது, ஆனால் அதிலிருந்து நேரடியாக ஆர்டிஎஸ்ஸை மீட்க முடியாது.

8 வருடம் என்ற எண் சும்மா சொன்னதல்ல. இந்திய நிறுவனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணுவில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். உங்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீஸ்டோர் செய்தால் இப்போது இருப்பதன் மேல் எழுதிவிடுமா?

எழுதாது. ஆர்டிஎஸ் எப்போதும் புதிய டேட்டாபேஸ் ஒன்றைத்தான் உருவாக்கும். பெயர் வேறு, முகவரி வேறு. முதல் முறை செய்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள், "ரீஸ்டோர் முடிந்தது, ஆனால் ஆப்பில் பழைய தவறே தெரிகிறதே?" என்று. ஆப் இன்னமும் பழைய முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காட்சி. வெள்ளிக்கிழமை மாலை 4:10. விலைப்பட்டியல் டேபிளில் ஒரே ஒரு பொருளின் விலையை மாற்ற நினைத்த ஒருவர், அப்டேட்டில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனையை எழுத மறந்து என்டர் தட்டிவிட்டார். (வேர் இல்லாமல் எதுவும் நிற்காது என்று அலுவலகத்தில் பிற்பாடு கேலி ஓடியது வேறு கதை.) 12,000 பொருளும் ஒரே விலை.

முதலில் அந்த டேபிளைத் தொடும் திரையை மூடுங்கள். அப்புறம் லாகைப் பார்த்து அந்த அப்டேட் ஓடிய நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடம் முன்னால், 4:09-க்கு, புதிய பெயரில் ரீஸ்டோர் கொடுங்கள். கொடுக்கும்போதே விபிசி (தனி நெட்வொர்க்), பாராமீட்டர் குரூப் (டேட்டாபேஸ் அமைப்புகள்), செக்யூரிட்டி குரூப் (எங்கிருந்து கனெக்ட் ஆகலாம் என்ற விதிகள்) எல்லாம் பழையதில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். செக்யூரிட்டி குரூப்பைச் சொல்லாமல் விட்டால் டிஃபால்ட் ஒன்றைப் போட்டுவிடும். பிறகு டேட்டாபேஸ் வந்தும் கனெக்ட் ஆகாமல், பாஸ்வேர்டில் கோளாறு என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

வந்ததும் ஆப்பை இதற்குத் திருப்பிவிடாதீர்கள். திருப்பினால் 4:10-க்குப் பிறகு வந்த ஆர்டர்கள் எல்லாம் போச்சு. புதியதிலிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் டம்ப் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் வேறு பெயரில் ஏற்றுங்கள். இரண்டையும் ஐடியால் இணைத்து விலை நெடுவரிசையை மட்டும் திரும்ப எழுதுங்கள். பிகின் போட்டு, எத்தனை வரி மாறியது என்று பார்த்துவிட்டுத்தான் கமிட். வேலை முடிந்த பிறகு அந்தத் தற்காலிக டேட்டாபேஸை அழிக்க மறக்க வேண்டாம், மாதக் கடைசியில் பில் ஞாபகப்படுத்தும்.

நேரத்தை எப்படிக் கொடுக்க வேண்டும்? இந்திய நேரமா, யுடிசியா?

கன்சோலில் உங்கள் கணினியின் நேரம். கமாண்ட் லைனில் யுடிசி. இந்தச் சின்ன வித்தியாசத்தால் நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் ஒரு மாலை முழுக்கப் போனது. தவறு நடந்தது மாலை 4:10. ஆப்பின் லாகில் யுடிசி என்பதால் 10:40 என்று இருந்தது. பதற்றத்தில் இருந்த தம்பி, லாகில் இருந்ததைப் பார்த்துக் கன்சோலில் 10:39 என்று போட்டுவிட்டார். டேட்டாபேஸ் ஒரு பிழையும் காட்டாமல் வந்தது. ஆனால் அது காலை 10:39-இன் டேட்டா. ஐந்தரை மணி நேர ஆர்டர்கள் இல்லை என்பதை ஒன்றரை மணி நேரம் கழித்து கிடங்கில் இருந்தவர்தான் கண்டுபிடித்தார்.

அன்றிலிருந்து ரீஸ்டோர் ஆனதும் நான் ஓட்டும் முதல் குவெரி, கடைசி ஆர்டரின் நேரம் என்ன என்பதுதான்.

ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

டேட்டாவின் அளவையும், ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எவ்வளவு மாற்றம் நடந்தது என்பதையும் பொறுத்தது. பேக்கப் விண்டோ அதிகாலையில் என்றால், இரவு 11 மணிக்குப் போக நாள் முழுவதின் பதிவையும் ஓட்டியாக வேண்டும்.

இன்னொரு சங்கதி உண்டு. "அவைலபிள்" என்று வந்துவிட்டாலும் டேட்டா முழுவதும் டிஸ்க்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் கேட்கக் கேட்கத்தான் எஸ்3-யிலிருந்து இறங்கும். முதல் முறை தொடும் டேபிள் ஆமை வேகத்தில்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்டன்ஸைப் பெரிதாக்க ஓடாதீர்கள். முக்கியமான டேபிள்களை ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டால் சரியாகிவிடும்.

மல்டி-ஏஇசட்டும் ரீட் ரெப்ளிகாவும் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

இரண்டும் பிரதானத்தைப் பின்தொடரும் நகல்கள்தான். நீங்கள் டெலிட் செய்தால் அந்த டெலிட்டும் அடுத்த கணமே அங்கே போய்விடும். அவை மெஷின் சாய்ந்தால் உதவும், மனிதர் சறுக்கினால் உதவாது.

டேட்டாபேஸையே அழித்துவிட்டால் பேக்கப் என்னாகும்?

அழிக்கும்போது கன்சோல் இரண்டு விஷயம் கேட்கும். கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டுமா, தானியங்கி பேக்கப்புகளை வைத்திருக்க வேண்டுமா. இரண்டுக்கும் வேண்டாம் என்றால் தானியங்கி பேக்கப்புகளும் கூடவே போய்விடும். வைத்திருக்கச் சொன்னாலும் அவை பழைய ரிடென்ஷன்படி ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். மேனுவல் ஸ்னாப்ஷாட்டுகள் மட்டும் எதற்கும் அசையாது. டெலிஷன் புரொடெக்‌ஷன் என்ற டிக்கை இன்றே போட்டுவிடுங்கள், காசில்லை.

கெட்ட எண்ணத்தோடு ஒருவர் உள்ளே வந்தால் கதை வேறு. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டு மிரட்டினார். அவர்கள் மீட்கப் பார்த்ததும் டிஸ்க்குகளையும் ஸ்னாப்ஷாட்டுகளையும் அழிக்கத் தொடங்கினார். பேக்கப்பும் அதே கணக்கில், அதே கன்சோலுக்குள் இருந்தது. நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. அதனால் ஒரு நகல் வேறொரு அமேசான் கணக்கில் இருக்கட்டும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தினசரி வேலை செய்பவர்களிடம் இருக்க வேண்டாம். ஏடபிள்யூஎஸ் பேக்கப்பில் பேக்கப் பெட்டகத்துக்குப் போடும் பூட்டான வால்ட் லாக்கை கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டினால், அவகாச நாட்கள் கழிந்த பிறகு நிர்வாகியே நினைத்தாலும் காலத்துக்கு முன் அழிக்க முடியாது. நாட்களைத் தவறாகப் போட்டுப் பூட்டினாலும் அப்படித்தான், எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

இதில் ஒரு பள்ளம். டேட்டாபேஸை உருவாக்கும்போது என்கிரிப்ஷனுக்கு அமேசானின் டிஃபால்ட் சாவியை விட்டிருந்தால், அந்த ஸ்னாப்ஷாட்டை வேறு கணக்கோடு பகிர முடியாது. அமேசானின் சாவி நிர்வாகச் சேவையான கேஎம்எஸ்ஸில் உங்கள் சொந்தச் சாவியை உருவாக்கி முதலிலேயே கொடுங்கள். அந்தச் சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அதுவும் கழிந்துவிட்டால் அந்தச் சாவியில் பூட்டிய பேக்கப்புகள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எல்லாம் மும்பையிலேயே இருக்கிறது. அது போதாதா?

ஆர்டிஎஸ் பேக்கப் எஸ்3-யில் இருப்பதால் ஒரே கட்டடத்தை நம்பி இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ரீஜன் முழுவதும் தடைபடும் நாளுக்காக வாரம் ஒரு ஸ்னாப்ஷாட்டை ஐதராபாத்துக்கு நகலெடுத்து வைக்கலாம். 2022 நவம்பரில் அந்த ரீஜன் வரும்வரை, டேட்டா நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்களுக்கு அமேசானில் இரண்டாவது இடமே இல்லை.

பேக்கப் தினமும் பச்சை டிக் காட்டுகிறது. அப்புறம் என்ன பயம்?

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைச் சொல்கிறேன். அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டது. இரண்டாவது சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனின் கோளாறைச் சரிசெய்து களைத்திருந்த ஒரு பொறியாளர், இரண்டாவது சர்வரில் இருப்பதாக நினைத்து, பிரதான சர்வரில் டேட்டா டைரக்டரியை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது.

பேக்கப்பைத் தேடினார்கள். எஸ்3-யில் டம்ப் இருக்க வேண்டும், பக்கெட் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த பிஜி_டம்ப் 9.2. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும், அந்த மின்னஞ்சல்களை டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் பெறும் பக்கமே தள்ளிவிட்டது. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. காப்பாற்றியது, 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் நிர்வாக வசதி) ஸ்னாப்ஷாட். அதையும் மெதுவான டிஸ்க்கிலிருந்து கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கமென்ட்டுகள், 700 புதிய பயனர்களின் டேட்டா போனது போனதுதான்.

ஆர்டிஎஸ்ஸில் இருந்தால் இதில் சில கோளாறுகள் வராது. ஆனால் தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் முகவரியாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பேக்கப்புக்குத் தனியாகப் பணமா?

ஒரு ரீஜனில் உங்கள் டேட்டாபேஸ்களுக்கு மொத்தம் எவ்வளவு டிஸ்க் வாங்கியிருக்கிறீர்களோ அந்த அளவு பேக்கப் இலவசம். அதற்கு மேல் போனால் ஜிபி கணக்கில் மாத வாடகை. மேனுவல் ஸ்னாப்ஷாட்டுகளும் இதே கணக்கில்தான். டேட்டாபேஸை அழித்துவிட்டு ஸ்னாப்ஷாட்டை மட்டும் வைத்தால் அதற்கான இலவச அளவும் போய்விடும், பில் திடீரென்று முளைப்பது இதனால்தான். பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றை அழித்தும் பில் குறையவில்லையே என்று கேட்காதீர்கள். அதன் பகுதிகளை மற்றவை பயன்படுத்திக்கொண்டிருக்கும்.

ஸ்டாப் செய்து வைத்த டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுக்குமா?

எடுக்காது. 7 நாளில் அதுவே எழுந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடிக்கையாளர் தன் தகவலை அழிக்கச் சொல்கிறார். பேக்கப்பில் இருப்பதை என்ன செய்ய?

ஸ்னாப்ஷாட்டுக்குள் கை வைத்து ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாது. நடைமுறையில் இரண்டு செய்யலாம். அழித்தவர்களின் ஐடி பட்டியலை டேட்டாபேஸுக்கு வெளியே வைத்திருந்து, எப்போது ரீஸ்டோர் செய்தாலும் முதல் வேலையாக அதை மீண்டும் ஓட்டுங்கள். பேக்கப் எத்தனை நாளில் தானாக அழியும் என்பதை உங்கள் பிரைவசி அறிவிப்பில் எழுதிவிடுங்கள். 2023-இன் டிபிடிபி (தனிநபர் டேட்டா பாதுகாப்பு) சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதனால் காரணமில்லாமல் பல வருட ஸ்னாப்ஷாட்டுகளைச் சேர்த்து வைப்பதும் இப்போது ஒரு பாரம்தான்.

ரீஸ்டோரை ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். ரீஸ்டோர் படிகளின் குறிப்பை எழுதியவரைத் தவிர வேறு யாராவது ஒருவர் செய்ய வேண்டும், எழுதியவர் அருகில் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. "நேற்று மாலை 3:20-க்கு வா" என்று ஒரு நேரம் கொடுங்கள். அவர் ரீஸ்டோர் செய்து, கனெக்ட் ஆகி, முக்கியமான நான்கு டேபிள்களின் வரிகளை எண்ணி, கடைசி ஆர்டரின் நேரத்தைச் சொல்லும் வரை கடிகாரம் ஓடட்டும். அந்த நேரத்தை எழுதி வையுங்கள். "சிஸ்டம் எப்போது வரும்?" என்று முதலாளி கேட்கும் நாளில் சொல்ல ஒரு எண் வேண்டுமல்லவா?

குறிப்பை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஒத்திகையைச் செய்த தம்பி குறிப்பைத் திறக்க எங்கள் விக்கிக்குப் போனார். விக்கியின் டேட்டாவும் அதே ஆர்டிஎஸ்ஸில்தான் இருந்தது.